உத்தரமேரூர்ச் சபையும் ஏரி வாரியமும்

காஞ்சிபுரத்திற்குத் தெற்கே உள்ள உத்தரமேரூர், வயல்கள் சூழ்ந்த ஒரு சிறு பேரூர். இங்குள்ள வைகுந்தப் பெருமாள் கோயிற் சுவரில், முதற் பராந்தக சோழனின் 12, 14ஆம் ஆட்சியாண்டுகளில், அஃதாவது கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளில், பொறிக்கப்பெற்ற இரு கல்வெட்டுகள் குடவோலை முறையை விரித்துரைக்கின்றன. அவற்றைக் குடியாட்சியின் தோற்றுவாய் எனப் போற்றுவார் பலர். எனினும், அவ்வூரின் வேளாண் வாழ்வோடு இயைத்து நோக்கினாலன்றி அவற்றின் உண்மைப் பொருள் விளங்காது என்பதே எம் கருத்து.

உத்தரமேரூர் பல்லவர் காலத்தே எழுந்த பிரமதேயம். அதன் பயிர்த்தொழிலுக்கு உயிராய் விளங்கியது வயிரமேக தடாகம் என்னும் பேரேரி. ஏரியில் வண்டல் தூர்ந்தால் நீர்க் கொள்ளளவு குறையும். குறையின் விளைச்சலும் வீழும். ஆதலின் அதனைத் தூர்வாருதற்கு அறக்கொடைகள் அளிக்கப்பெற்றமை பல்லவர் காலக் கல்வெட்டுகளால் அறியப்படும். அக்கொடைப் பொருளைக் காத்துச் செலவிடும் பொறுப்பு ஊரவை வழியே நிகழ்ந்தது.

இனி, தேர்தல் விதிகளைக் காண்போம். 30 குடும்புகளிலும் குடும்புக்கு ஒருவராகக் குடவோலையால் தேர்ந்தெடுக்கப்பெற்றோருள் 12 பேர் சம்வத்சர வாரியத்திலும், 12 பேர் தோட்ட வாரியத்திலும், 6 பேர் ஏரி வாரியத்திலும் அமர்ந்தனர். முன்னர்த் தோட்ட வாரியமும் ஏரி வாரியமும் செய்தார், கல்வியாலும் அகவையாலும் முதிர்ந்தார் ஆகியோரே சம்வத்சர வாரியத்திற்கு உரியர். நீரையும் நிலத்தையும் பேணிய பட்டறிவு ஊராட்சியின் உயர்பொறுப்பிற்குத் தகுதியாக மதிக்கப்பட்டது என்பது இதனாற் பெறப்படும். வாரியம் செய்து கணக்குக் காட்டாதாரேயன்றி, அவர்தம் நெருங்கிய உறவினரும் விலக்கப்பட்டனர். பொதுப்பொருள் கைம்மாறும் ஊரில் இவ்விதி எழுந்தமை வியப்பன்று. 919இல் 30 முதல் 60 வரை என இருந்த அகவை வரம்பு, 921இல் 35 முதல் 70 வரை என மாற்றப்பட்டது. சபை தன் விதிகளை ஈராண்டிற்குள்ளாகவே திருத்திக்கொண்டமைக்கு இஃது ஒரு சான்று.

ஆயினும் இதன் எல்லையையும் நாம் மறைத்தலாகாது. கால் வேலிக்கு மேற்பட்ட இறைநிலமும், சொந்த மனையில் எடுத்த வீடும், வேதக் கல்வியும் உடையாரே குடவோலைக்கு உரியர். அரைக்கால் வேலியே உடையார்க்கு மிகுந்த கல்வித் தகுதி வேண்டப்பட்டது. சேற்றில் இறங்கி உழைத்த குடிகளின் பெயர்கள் குடத்துள் இடம்பெறவில்லை. சபை விதி வகுத்தபொழுது அரசன் ஆணைப்படி அதிகாரி ஒருவர் உடனிருந்ததும் கல்வெட்டிலேயே காணப்படுகின்றது.

ஆதலின், இக்கல்வெட்டுகளை இக்காலக் குடியாட்சிக்கு நேர் முன்னோடியெனக் கொள்ளுதல் பொருந்தாது. ஏரியை நம்பி வாழ்ந்த ஓர் ஊரின் நிலவுடைமையாளர், பொதுப்பொறுப்பு ஏற்றாரைக் கணக்குக்கு உட்படுத்த வகுத்த முறை எனக் கொள்ளுதலே தகும். அவ்வளவிலேயே அதன் பெருமை குறைவுபடாது.