அபிமன்யுவிலிருந்து ஔவை வரை

தர்மபுரிப் பக்கத்துப் பள்ளிக்கூடங்களில் ஆண்டு விழா என்றால், பரிசு வழங்கலும் கும்மியும் கோலாட்டமும் ஒருபுறமிருக்க, பஞ்சை நரையாக ஒட்டிக்கொண்டு, தாத்தாவின் கைத்தடியை இரவல் வாங்கி ஊன்றியபடி ஒரு சிறுமி மேடையேறுவதும், காகிதக் கிரீடம் காதுவரை சரிந்துவிட்ட ஒரு சிறுவன் அவள் கையில் நெல்லிக்கனி ஒன்றை வைப்பதும் பெரும்பாலும் தவறாமல் நிகழ்கிற காரியங்கள். ஐந்து நிமிஷத்தில் முடிந்துபோகும் அந்த நாடகத்துக்குக் கதைச் சுருக்கம் யாரும் சொல்ல வேண்டியதில்லை. தகடூர் என்பது இன்றைய தர்மபுரியே என்பதும், அந்தக் கனியை ஔவைக்குக் கொடுக்கும் அதியமான் நெடுமான் அஞ்சி தங்கள் ஊர் ராஜா என்பதும் முன்வரிசையில் சப்பணமிட்டு உட்கார்ந்திருக்கும் குழந்தைகளுக்கு மனப்பாடம்.

இவ்வளவு பிரசித்தமான கதை இந்த மண்ணில் தொன்றுதொட்டு ஆடப்பட்டு வந்திருக்க வேண்டும் என்று நினைப்பது இயல்பு, ஆனால் அப்படியன்று. இந்த ஜில்லாவின் பழைய நாடகம் தெருக்கூத்து. தெருக்கூத்தின் உயிர் பாரதம். கோடையில் திரௌபதியம்மன் கோயில் கொடியேறிவிட்டால், பகலெல்லாம் பாரதப் பிரசங்கமும், இரவு முழுதும் பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் கூத்துமாகப் பதினெட்டு நாளும் கழிய, முடிவில் களிமண்ணால் கிடத்திய பிரம்மாண்டமான துரியோதனன் உருவத்தைச் சுற்றிப் படுகளம் நடக்கும். அந்தப் பதினெட்டில் அபிமன்யு மாளும் இரவு ஒன்று உண்டு. வியூகத்துக்குள் புகும் வித்தையைக் கற்று, வெளியேறும் வித்தையைக் கற்காத அந்தப் பாலகனுக்காக, கதை முடிவு தெரிந்திருந்தும், முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்ளாத தாய்மார் குறைவு. கல்லிலும் அவ்விதமே: தர்மபுரிக் கோட்டைக் கோயிலில் காமாட்சியம்மன் சந்நிதியின் அடித்தளத்தைச் சுற்றிச் சிற்பி வரிசையாகச் செதுக்கியது இராமாயணத்தை. அதியமானுக்கென்று ஓர் இரவுக் கூத்து ஆடி நான் பார்த்ததில்லை.

காரணம் மறதியோ அபிமானக் குறைவோ அன்று. அதியமானையும் ஔவையையும் பற்றிய பாட்டுகள் இருந்த புறநானூறு, ஏட்டுச் சுவடிகளுக்குள் நெடுங்காலம் அடைபட்டுக் கிடந்து, உ. வே. சாமிநாதையரின் கையால் 1894இல்தான் அச்சேறிற்று. தகடூர் வீழ்ந்த போரைப் பாடிய தகடூர் யாத்திரை என்ற நூலோ முழுமையாகக் கிடைக்காமலே போய்விட்டது. சில பாட்டுகள் மட்டும் புறத்திரட்டில் தங்கின. ஆகவே ஔவை என்றால் ஆத்திசூடி சொல்லித்தரும் பாட்டியாக மட்டுமே ஜனங்கள் அறிந்திருந்தார்கள். நெல்லி பெற்ற புலவரும் ஆத்திசூடிப் பாட்டியும் பல நூற்றாண்டு இடைவெளியில் வாழ்ந்த வேறு வேறு பெண்கள் என்று பண்டிதர்கள் சொன்னாலும், குழந்தைகளின் கதையில் அவ்விருவரும் ஒருத்தியாகவே இன்றும் நடமாடுகிறார்கள். அதில் எனக்கு ஆட்சேபமில்லை.

அச்சிலிருந்து மேடைக்கு இந்தப் பாட்டியைக் கொண்டுவந்தவர் பாலர் நாடக சபையில் வளர்ந்த ஒருவர். தமிழ் நாடகத்துக்குத் தலைமையாசிரியர் என்று சொல்லத்தக்க சங்கரதாஸ் சுவாமிகள், பெரிய நடிகர்கள் பாடம் பண்ணிய வசனத்தை விட்டுவிட்டு மேடையிலேயே தர்க்கம் பேசிப் பொழுதைக் கழிப்பதைக் கண்டு சலித்து, சொன்னபடி கேட்கும் சிறுவர்களைக் கொண்டு 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையை ஏற்படுத்தினார். அதே ஆண்டில் அங்கே சேர்ந்த சகோதரர் மூவரில் ஒருவர், அப்போது ஆறு பிராயமே ஆகியிருந்த தி. க. சண்முகம். அந்தச் சிறுவனுக்கென்றே சுவாமிகள் ‘அபிமன்யு சுந்தரி’யை ஒரே இரவில் எழுதி முடித்தார் என்பது நாடக உலகில் இன்றும் வியந்து பேசப்படும் செய்தி. கூத்தில் மாள்கிற அபிமன்யு சுவாமிகளின் நாடகத்தில் மணம் புரிகிறான் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

பாய்ஸ் கம்பெனி வாழ்க்கை குழந்தைகளுக்குச் சுகமாக இருந்தது என்று நான் எழுதமாட்டேன். தாய்தகப்பன் முகம் பாராமல், ஊர் ஊராக முகாம் மாறி, விடியற்காலையில் பாட்டும் பகலில் வசனமும் வாத்தியாரின் பிரம்புக்குப் பயந்து உருப்போட்டு, இரவு விடிய வேஷம் கட்டிய பிள்ளைகள் அவர்கள். அரிதாரத்தைக் காட்டிலும் அவர்களை அச்சுறுத்தியது மகரக்கட்டு. பதின்மூன்று, பதினான்கு பிராயத்தில் குரல் உடைந்து, நேற்றுவரை கொட்டகையை மயக்கிய ஸ்திரீபார்ட்டுப் பையன் இன்று பின்வரிசைக் காவலாளி வேஷத்துக்குத் தள்ளப்படுவது அங்கே சாதாரணம். சண்முகம் அந்தக் கண்டத்தைத் தாண்டினார். 1922இல் சுவாமிகள் மறைந்தபின், 1925இல் சகோதரர்கள் மதுரை ஸ்ரீ பால ஷண்முகானந்த சபையைத் தாங்களே தொடங்கினார்கள். பிள்ளைகள் வளர வளரச் சபையும் வளர்ந்து, டி.கே.எஸ். சகோதரர்கள் என்ற பெயரே நிலைத்தது.

1942இல் ‘ஔவையார்’ அரங்கேறியபோது சண்முகத்துக்குப் பிராயம் முப்பது. கதாநாயகனாக நிற்கவேண்டிய வயதில் கூன் விழுந்த கிழவியாக வந்து நிற்பதற்கு, சிறுபிராயத்தில் பெண் வேஷங்களுக்கு நடுவே வளர்ந்த பாய்ஸ் கம்பெனிச் சிக்ஷை எவ்வளவு கைகொடுத்திருக்க வேண்டும்! ஜனங்கள் அவருக்கு ஔவை சண்முகம் என்றே பெயர் வைத்துவிட்டார்கள். சென்னையில் லாயிட்ஸ் சாலை பிற்காலத்தில் அந்தப் பெயரையே ஏற்றது. எஸ். எஸ். வாசனின் சினிமாவில் கே. பி. சுந்தராம்பாள் ஔவையாக வந்தது அதற்குப் பதினோரு ஆண்டு கழித்து, 1953இல்.

அக்காலத்துக் கம்பெனிகள் ரயிலை நம்பி வாழ்ந்தவை. படுதாக்களும் சீன்களும் உடைப்பெட்டிகளும் ஏறி இறங்க ஸ்டேஷன் வேண்டும். ஆனால் இந்தப் பக்கத்திலோ, மொரப்பூரிலிருந்து தர்மபுரிக்கு 1906இல் ஓடத்தொடங்கிய சின்ன ரயிலும், ஔவையார் மேடையேறிய அந்த யுத்த காலத்தில் நின்றுபோயிற்று. சேலத்தோடு சேர்ந்திருந்த தர்மபுரி தனி ஜில்லாவானது 1965இல். அதியமான்கோட்டையில் அதியமான் கோட்டம் எழும்பி, பள்ளிப் பிள்ளைகள் வரிசையாக வந்து மன்னனையும் பாட்டியையும் சிலையாகக் கண்டு போவது அதற்கும் பின்னால்.

பள்ளி மேடையில் இப்போது ஔவையாக வருபவள் சிறுமி. ஆண்பிள்ளை பெண் வேஷம் கட்டிய காலம் போய்விட்டது. ஆனால் கிழக்குரல் வரவில்லை; கணீரென்று பேசுகிறாள், தடியைக் கோல்போலத் தோளில் சாய்த்திருக்கிறாள். பக்கத்துத் திரைக்குள் ஒதுங்கி நின்று, நோட்டுப்புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு வசனம் எடுத்துக்கொடுக்கும் வாத்தியார், பாட்டு வரியை விட்டுவிட்டு, “ஊன்றம்மா, தடியைக் கீழே ஊன்று” என்று கிசுகிசுப்பது முன்வரிசை முழுக்கக் கேட்கிறது.