பிறர் நிலத்தில் ஒரு கூட்டுக் குடியிருப்பு: டால்ஸ்டாய் பண்ணையும் டிரான்ஸ்வால் தமிழரும் (1910–1913)

முன்னுரை

தென்னாப்பிரிக்க இந்தியர் வரலாற்றில் டால்ஸ்டாய் பண்ணை பெரும்பாலும் காந்தியடிகளின் வாழ்க்கைச் சோதனைக் களமாகவே எடுத்துரைக்கப்படுகிறது. உணவுக் கட்டுப்பாடு, உடலுழைப்பு, எளிமை ஆகியவற்றில் அவர் மேற்கொண்ட முயற்சிகளின் பட்டியலில் அப்பண்ணையும் ஒன்றாக அடங்கிவிடுகிறது. இப்பார்வையில் பிழையில்லை, ஆயின் அது நிறைவானதன்று. அங்குக் குடியேறியோர் சோதனைக்காக வந்தவர்கள் அல்லர். சிறைசென்ற போராட்டக்காரர்களும் வருவாய் இழந்த அவர்தம் குடும்பத்தினருமே அங்கு வந்தனர். அவர்களுள் தமிழர் கணிசமாக இருந்தனர். அந்நிலம் அவர்களுக்கு உரியதன்று. சட்டப்படி உரியதாகவும் முடியாது. இந்த நில உரிமைச் சிக்கலே பண்ணையின் தோற்றத்தையும் அமைப்பையும் முடிவையும் வரையறுத்தது என்பதை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

நிலமும் சட்டமும்

டால்ஸ்டாய் பண்ணைக்கு முன்னோடி பீனிக்ஸ் குடியிருப்பு. 1904ஆம் ஆண்டு ஜோகானஸ்பர்க்கிலிருந்து டர்பனுக்குச் செல்லும் இரயில் பயணத்தில் ரஸ்கினின் நூலொன்றைப் படித்த காந்தியடிகள், அதே ஆண்டில் டர்பனிலிருந்து ஏறத்தாழ 14 மைல் தொலைவில் 100 ஏக்கர் நிலத்தை 1,000 பவுனுக்கு வாங்கினார். ‘இந்தியன் ஒப்பீனியன்’ இதழின் அச்சகம் அங்கு மாற்றப்பட்டது. குடியேறியோருக்கு மும்மூன்று ஏக்கராக நிலம் பகுத்தளிக்கப்பட்டது. நெளிதகர வீடுகள் எழுந்தன. வாழ்க்கைச் செலவுக்கு மாதம் 3 பவுன் வழங்கப்பட்டது.

பீனிக்ஸ் அன்றைய நேட்டாலில் இருந்தது. அங்கு இந்தியர் நிலம் வாங்கத் தடையில்லை. டிரான்ஸ்வால் நிலை வேறு. அங்கு 1885ஆம் ஆண்டின் 3ஆம் சட்டம், குறித்து ஒதுக்கப்பட்ட பகுதிகளுக்கு வெளியே ஆசியர் அசையாச் சொத்து வைத்திருப்பதைத் தடைசெய்தது. எனவே போராட்டம் நடந்த டிரான்ஸ்வாலிலேயே இந்தியர் கூடிவாழ விரிந்த நிலம் வேண்டுமாயின் அது வெள்ளையர் ஒருவரின் பெயரிலேயே இருக்க இயலும். இரு குடியிருப்புகளையும் ஒப்பிடும் ஆய்வாளர் முதலில் கருத்திற்கொள்ள வேண்டிய வேறுபாடு இதுவேயாகும்.

பண்ணை ஏன் தேவைப்பட்டது?

ஆசியர் கட்டாயப் பதிவுக்கு எதிராக 1906ஆம் ஆண்டு செப்டம்பர் 11ஆம் நாள் ஜோகானஸ்பர்க்கில் உறுதியேற்றுத் தொடங்கிய இயக்கம், 1909ஆம் ஆண்டளவில் தளர்ந்திருந்தது. வணிகருள் பலர் ஒதுங்கினர். சிறுவணிகமும் கைத்தொழிலும் செய்துவந்த தமிழருள் பலர் மீண்டும் மீண்டும் சிறைசென்றனர். சிலர் கப்பலேற்றி நாடுகடத்தப்பட்டனர். 1909ஆம் ஆண்டு சிறையிலிருந்து மீண்ட நாகப்பன் இறந்தார். 1910ஆம் ஆண்டு நாடுகடத்தப்பட்டுத் திரும்பிய நாராயணசாமி, கரையிறங்க இடமின்றி அலைக்கழிக்கப்பட்டு இறந்தார்.

சிறைசென்றோர் குடும்பங்களுக்கு அதுவரை மாதந்தோறும் பணம் கொடுக்கப்பட்டு வந்தது. இம்முறையில் இரு சிக்கல்கள் இருந்தன. ஒன்று, நிதி பற்றாக்குறை. 1909ஆம் ஆண்டு இரத்தன் டாட்டா அளித்த 25,000 ரூபாய் பேருதவியாயினும் முடிவு தெரியாத போராட்டத்திற்கு அது போதாது. மற்றொன்று, ஒவ்வொரு குடும்பத்தின் தேவையையும் நேர்மையாக அளவிடும் அருமை. எல்லாக் குடும்பங்களையும் ஓரிடத்தில் வைத்து, ஒரே அடுப்பில் சமைத்து, அனைவரும் உழைத்து வாழ்வதே இதற்குத் தீர்வு எனக் காந்தியடிகள் கருதினார். ஆகவே பண்ணையின் முதற்காரணம் பொருளியல் சார்ந்தது. கொள்கை அதற்கு வடிவம் தந்தது.

காலன்பாக்கின் நிபந்தனைகள்

இத்தேவையை நிறைவேற்ற முன்வந்தவர் காந்தியடிகளின் நண்பரும் யூதக் கட்டடக் கலைஞருமான ஹெர்மன் காலன்பாக். ஜோகானஸ்பர்க்கிலிருந்து 21 மைல் தொலைவில் லாலி இரயில் நிலையத்திற்கு அருகில் ஏறத்தாழ 1,100 ஏக்கர் நிலத்தை அவர் வாங்கியிருந்தார். அங்கு ஏறத்தாழ ஆயிரம் பழமரங்களும், இரண்டு கிணறுகளும், ஒரு சிறிய வீடும் இருந்தன. 1910ஆம் ஆண்டு மே 30ஆம் நாள் எழுதிய மடலின் வழி அவர் அந்நிலத்தைப் போராட்டக்காரர்களின் பயன்பாட்டிற்கு அளித்தார்.

அம்மடல் சுருக்கமானது, எனினும் ஒரு குத்தகைப் பத்திரத்தின் தெளிவு அதில் உண்டு. வாடகையோ கட்டணமோ இல்லை. தமக்குத் தேவைப்படாத கட்டடங்களையும் அவர்கள் இலவசமாகப் பயன்படுத்தலாம். அவர்கள் புதிதாகக் கட்டுபவற்றை விலகும்போது பெயர்த்துச் செல்லலாம். இல்லையேல் மதிப்பிட்டு அவற்றுக்குரிய விலையைத் தாம் தருவார். வேளாண்மை வழி நிலத்தில் ஏற்படும் மேம்பாட்டுக்கும் அவ்வாறே ஈடு வழங்குவார். போராட்டம் முடிந்ததும் குடியேறியோர் விலகிவிட வேண்டும்.

காலன்பாக்கின் பெருந்தன்மை ஐயத்திற்கு இடமற்றது. அவர் பண்ணையிலேயே தங்கி அனைவரோடும் உழைத்தவர். ஆயினும் இறுதி நிபந்தனை கவனத்திற்குரியது. குடியிருப்பின் ஆயுள் போராட்டத்தின் ஆயுளோடு பிணைக்கப்பட்டது. உழைப்புக்கு ஈடு உண்டு. நிலத்தில் நிலைத்திருக்கும் உரிமை இல்லை. கூட்டு வாழ்வுக்கு வழிவிட்ட அதே ஆவணம், அதன் முடிவையும் முன்கூட்டியே எழுதிவைத்தது எனலாம்.

கூட்டு வாழ்வின் நடைமுறை

காந்தியடிகளின் கணக்குப்படி, பண்ணையில் ஏறத்தாழ 40 இளைஞரும், இரண்டு மூன்று முதியவரும், 5 பெண்டிரும், 20 முதல் 30 குழந்தைகளும் இருந்தனர். தமிழர், தெலுங்கர், குசராத்தியர், வடஇந்தியர் எனப் பல மொழியினரும், இந்து, இசுலாம், கிறித்துவம், பார்சி எனப் பல சமயத்தினரும் அவர்களுள் அடங்குவர். முதலில் கூடாரத்தில் தங்கினர். ஏறத்தாழ இரண்டு மாதங்களில் நெளிதகரக் கட்டடங்கள் எழுந்தன. ஆடவர்க்கும் பெண்டிர்க்கும் தனித்தனி இல்லங்களும், பள்ளிக்கூடமும், தச்சு, செருப்புத் தொழில்களுக்கான பட்டறையும் அமைந்தன.

குடியிருப்புக்கு ஏறத்தாழ 500 கெசத் தொலைவிலிருந்த ஊற்றிலிருந்து காவடியில் நீர் சுமந்து வந்தனர். பணியாளர் எவரும் இல்லை. சமையல் முதல் துப்புரவு வரை எல்லாப் பணியும் குடியேறியோராலேயே செய்யப்பட்டது. சமையல் பொதுவானது, மரக்கறி உணவு மட்டுமே. புலால் உண்ணும் வழக்கமுடைய கிறித்துவ, இசுலாமியக் குடும்பத்தினரும் இதற்கு இசைந்தனர். உணவுக்கு ஆளுக்கொரு கிண்ணமும் பண்ணையிலேயே செதுக்கிய மரக்கரண்டியும் போதுமாயிருந்தன. ஆடவர் கைதிகளின் சீருடையை ஒத்த முரட்டு நீலத்துணி அணிந்தனர். பெண்டிர் தையல் வேலையை ஏற்றனர். காலன்பாக் மரியன்ஹில் துறவியர் மடத்தில் செருப்புத் தைக்கக் கற்றுவந்து பிறருக்குக் கற்பித்தார். சொந்த வேலையாக நகருக்குச் செல்வோர் நடந்தே செல்ல வேண்டும். பொதுப் பணிக்கு மட்டும் மூன்றாம் வகுப்பு இரயில் பயணம். அதிகாலை இரண்டு மணிக்குப் புறப்பட்டு 21 மைல் நடந்தோர் பலர்.

இவ்விதிகளைத் துறவு ஒழுக்கமாக மட்டும் காண்பது பொருந்தாது. அவை ஒருங்கே இரு பயன்களைத் தந்தன: செலவைக் குறைத்தன; சிறை வாழ்வுக்கு உடலைப் பழக்கின. கிண்ணமும் நீலத்துணியும் சிறையிலிருந்து பண்ணைக்கு வந்தவை. பண்ணையில் பழகியோர்க்குச் சிறையும் பின்னர் அந்நியமாகத் தோன்றியிராது.

பண்ணைப் பள்ளியில் தமிழ்

தமிழாசிரியர்கள் சிறப்பாக அறிய வேண்டியது பண்ணைப் பள்ளி. அங்குத் தமிழ், இந்தி, குசராத்தி, உருது ஆகிய மொழிகள் கற்பிக்கப்பட்டன. தமிழ்ப் பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பித்தவர் காந்தியடிகளே. ஜி.யு. போப்பின் தமிழ்க் கையேட்டைக் கப்பற் பயணத்திலும் சிறையிலும் பயின்று அவர் பெற்ற அறிவு மிகக் குறைவு. அதனை அவரே தம் வாழ்க்கை வரலாற்றில் குறிப்பிடுகிறார். தென்னாப்பிரிக்காவில் பிறந்த அப்பிள்ளைகள் தமிழ் பேசினர், எழுத்து அறியார். ஆகவே எழுத்தும் இலக்கணத் தொடக்கமும் கற்பிப்பதே ஆசிரியரின் பணியாயிற்று. பேச்சில் மாணவர் ஆசிரியரை வென்றனர். ஆங்கிலம் அறியாத தமிழர் அவரைக் காண வந்தபோது அம்மாணவரே மொழிபெயர்ப்பாளராயினர்.

புலம்பெயர்ந்த மண்ணில் பேச்சு வீட்டில் வாழ்ந்தும் எழுத்து பள்ளியின்றி வாழாது என்பதற்கு இது ஒரு தொடக்கக்காலச் சான்று. ‘இந்தியன் ஒப்பீனியன்’ 1903ஆம் ஆண்டு நான்கு மொழிகளில் தொடங்கி, 1906ஆம் ஆண்டில் தமிழ்ப் பகுதியை நிறுத்தியிருந்தது என்பதையும் இங்கு இணைத்து நோக்குதல் வேண்டும்.

முடிவும் தொடர்ச்சியும்

1911ஆம் ஆண்டின் தற்காலிக உடன்பாட்டால் போராட்டம் நின்றது. பண்ணையில் மக்கள் குறைந்தனர். 1912ஆம் ஆண்டு கோகலே வந்து சென்றபின், 1913ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் காந்தியடிகள் எஞ்சியோருடன் பீனிக்சுக்குச் சென்றார். பீனிக்ஸ் 1912ஆம் ஆண்டிலேயே அறக்கட்டளைப் பத்திரத்தின் வழி அறங்காவலரிடம் ஒப்படைக்கப்பட்டிருந்தது. 1985ஆம் ஆண்டுக் கலவரத்தில் எரிந்தபின்னும் அது மீட்டெடுக்கப்பட்டு 2000ஆம் ஆண்டில் மீண்டும் திறக்கப்பட்டது. டால்ஸ்டாய் பண்ணைக்கு அத்தகைய பாதுகாப்பு இல்லை; நிலம் கைமாறியது, கட்டடங்கள் அழிந்தன.

எனினும் பண்ணை உருவாக்கிய மனிதர் எஞ்சினர். 1913ஆம் ஆண்டு அக்டோபரில், அங்கு வாழ்ந்த பெண்கள் பதினொருவர் நியூகாசில் நிலக்கரிச் சுரங்கப் பகுதிக்குச் சென்று, 3 பவுன் தலைவரியை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்யுமாறு ஒப்பந்தத் தொழிலாளரை அழைத்தனர். ஒருவர் தவிர ஏனையோர் தமிழர். சிலர் கைக்குழந்தையோடு சென்றவர்கள். தொழிலாளர் தம் மொழியிலேயே அவர்கள் பேசினர், சுரங்கங்கள் நின்றன. அப்பெண்களுக்கு மும்மாதக் கடுங்காவல் விதிக்கப்பட்டது.

நவம்பர் 6ஆம் நாள் 2,037 ஆடவரும் 127 பெண்டிரும் 57 குழந்தைகளும் டிரான்ஸ்வால் எல்லையைக் கடந்து நடந்தனர். வழியில் கைது செய்யப்படாவிடின் அவர்கள் சென்றடைய வேண்டிய இடமாகக் குறிக்கப்பட்டது டால்ஸ்டாய் பண்ணையே. காலன்பாக்கும் அதற்கான ஏற்பாடுகளில் ஈடுபட்டிருந்தார். அவர்கள் அங்குச் சென்றடையவில்லை. நவம்பர் 10ஆம் நாள் பால்ஃபரில் தடுக்கப்பட்டு இரயிலில் நேட்டாலுக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். ஆயினும் தலைவரி 1914ஆம் ஆண்டில் நீக்கப்பட்டது.

முடிவுரை

நில உரிமை மறுக்கப்பட்ட ஒரு சமூகம், நண்பர் ஒருவரின் தனியார் நிலத்தில் மூன்றாண்டுகளுக்கும் குறைவாகக் கூடிவாழ்ந்தது. தனியுரிமை நிலமாதலால் பண்ணை விரைந்து தொடங்க முடிந்தது. அதனாலேயே அது நிலைக்கவும் இல்லை. பட்டாவும் அறக்கட்டளையும் இன்றி எழும் கூட்டுக் குடியிருப்புகள் எவ்வளவு உழைப்பில் எழுந்தாலும் உரிமையாளரின் விருப்பத்தையோ ஒரு போராட்டத்தின் கால எல்லையையோ சார்ந்தே நிற்கும். தோட்டப்புற வாழ்வின் வழிவந்த நமக்கு இவ்வுண்மை புதிதன்று.

இன்னுமொன்று. பண்ணையைப் பற்றிய விரிவான பதிவு காந்தியடிகள் பின்னாளில் எரவாடா சிறையில் தொடங்கி நினைவிலிருந்து எழுதுவித்த நூலே. அதில் அப்பதினொரு பெண்களுள் மிகப் பலர் ‘திருமதி தம்பி நாயுடு’, ‘திருமதி பி.கே. நாயுடு’ எனக் கணவர் பெயராலேயே குறிக்கப்பெறுகின்றனர். திருமதி தம்பி நாயுடு என்பவர் வீரம்மாள் என நாம் அறிவோம். மற்றவர்தம் சொந்தப் பெயர்களையும் சிறைப் பதிவேடுகளிலும் குடும்ப நினைவுகளிலும் தேடிச் சேர்ப்பது தமிழாய்வு உலகம் மேற்கொள்ளத்தக்க பணி. நிலத்தில் அவர்களுக்குப் பெயரில்லை. வரலாற்றிலாவது இருத்தல் வேண்டும்.