போத்தல் பெற்றோலும் கந்தளாய்க் கரும்பும்

இந்தியாவில் பெற்றோலோடு 20 வீதம் எத்தனோல் கலக்கிறார்கள் என்ற செய்தி வந்ததிலிருந்து எங்கட வட்டத்தில் ஒரு கேள்வி ஓடிக்கொண்டிருக்கிறது. "மீன் ஏத்திற எங்கட பழைய பிக்கப்புக்கு இது சரிவருமா?" விடை தேடப் போன நாங்கள் வந்து நின்ற இடம் வரலாறு. பெற்றோல் அல்லாத ஒன்றில் எஞ்சின் ஓட்டுவது எங்கட சனத்துக்குப் புதிய விசயமே இல்லை.

முதலில் சீனக்குடா. காட்டுக்குள்ள மறைஞ்சு நிக்கிற அந்த இரும்புக் குதங்களைப் பார்க்காத திருகோணமலைப் பிள்ளை இருக்காது. இரண்டாம் உலகப் போருக்கு முன்னர், தங்கள் கடற்படைக் கப்பல்களுக்கு எண்ணெய் சேமிக்க ஆங்கிலேயர் கட்டியவை. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 10,000 தொன் கொள்ளும். 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் துறைமுகத்தைத் தாக்கியபோது ஒரு குதம் தீப்பற்றி நாள்கணக்காக எரிந்தது. இன்று 99 குதங்கள் எஞ்சியிருக்கின்றன. 1987 இந்திய இலங்கை ஒப்பந்தத்தோடு பரிமாறிய கடிதங்களிலும் இவை வந்தன. 2003இல் லங்கா ஐஓசி உள்ளே வந்தது. 2022 ஜனவரியில் 14 குதங்கள் அதற்கு, 24 இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, 61 இரண்டும் சேர்ந்த கம்பனிக்கு என்று பிரிக்கப்பட்டன. கடற்படை, போர், ஒப்பந்தம் என்று எல்லாருக்கும் அந்த எண்ணெயில் பங்கு இருந்தது. பக்கத்தில் இருந்த எங்களுக்குத்தான் அது தூரம்.

அந்தத் தூரத்தை வடக்கு இன்னும் கொடுமையாக அனுபவித்தது. 1990இல் போர் மீண்டும் மூண்டபின் பொருளாதாரத் தடை வந்தது. பெற்றோல், டீசல், பற்றரி எல்லாம் தடைப் பட்டியலில். அப்போதுதான் யாழ்ப்பாணத்துக் கராஜ்காரர் ஏ40, மொரிஸ் மைனர் போன்ற பழைய கார்களை மண்ணெண்ணெயில் ஓடவைத்தார்கள். மண்ணெண்ணெய் குளிர்ந்த எஞ்சினில் ஆவியாகாது. அதனால் சின்னப் போத்தலில் பெற்றோலை வைத்துக்கொண்டு, காபரேற்றருக்குள் சில துளிகள் விட்டு ஸ்ரார்ட் பண்ணுவார்கள். எஞ்சின் சூடேறியதும் மண்ணெண்ணெய் பிடித்துக்கொள்ளும். பழைய எஞ்சின்களின் அழுத்த விகிதம் குறைவு என்பதால்தான் அவை தாக்குப்பிடித்தன. ஆனாலும் புகை, கரி பிடிச்ச பிளக், எஞ்சின் ஒயிலுக்குள் இறங்கி அதைத் தண்ணியாக்கிற மண்ணெண்ணெய் என்று கொடுத்த விலை அதிகம். இதை வெறும் 'கெட்டித்தனம்' என்று சொல்லிப் பெருமைப்படுவதில் எங்களுக்குத் தயக்கம் இருக்கிறது. நோயாளியை ஏற்றிப்போகிற காருக்கும் அந்தப் போத்தல்தான் கதி என்றால், அது கெட்டித்தனத்துக்கு முன்னால் ஒரு தண்டனை.

எங்கட கரையில் அந்த முறை இன்றைக்கும் உயிரோடு இருக்கிறது. மண்ணெண்ணெயில் ஓடுகிற வெளியிணைப்பு எஞ்சினைப் பெற்றோலில் ஸ்ரார்ட் பண்ணி, சூடானதும் மாற்றிவிடுவதை எந்த மீனவரிடமும் பார்க்கலாம். 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்கு ஏறியபோது பல வள்ளங்கள் கரையில் கிடந்ததற்குக் காரணமும் அதுதான்.

இப்ப எத்தனோலுக்கு வருவம். 1973 எண்ணெய் விலையேற்றத்தில் அடிபட்ட பிரேசில், 1975இல் கரும்பு எத்தனோல் திட்டத்தைத் தொடங்கியது. 1979இல் எத்தனோலில் மட்டும் ஓடுகிற பியட் 147 வீதிக்கு வந்தது. குளிர்ந்த காலையில் எத்தனோலும் லேசில் பற்றாது. அதற்காக பிரேசில் கார்களில் ஒரு குட்டிப் பெற்றோல் தாங்கி வைத்தார்கள். யாழ்ப்பாணத்துப் போத்தலும் பிரேசிலின் குட்டித் தாங்கியும் செய்த வேலை ஒன்றே. வித்தியாசம், அங்கே அதை அரசும் தொழிற்சாலையும் திட்டம் போட்டுச் செய்தன. இங்கே தடைக்குள் இருந்தவர்கள் தனியாகச் செய்தார்கள்.

எங்கட மாவட்டத்திலும் கரும்பு இருந்தது. 1960ஆம் ஆண்டளவில் செக்கோஸ்லோவாக்கிய உதவியோடு கந்தளாய்ச் சீனித் தொழிற்சாலை எழுந்தது. சீனி எடுத்தபின் மிஞ்சுகிற பாகைப் புளிக்கவைத்து வடித்தால் எத்தனோல். 1986 ஏப்ரலில் கந்தளாய்க் குளம் உடைந்து நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். 1993இல் ஆலை மூடப்பட்டது. மீளத் திறக்கப்போவதாகப் பிறகு பலமுறை பேசினார்கள். கரும்புத் தோட்டமும் எண்ணெய்க் குதமும் ஒரே மாவட்டத்தில் இருந்தும், ஒன்றையொன்று சந்தித்ததில்லை. அதற்காக 'கந்தளாயில் கரும்பு நட்டால் எல்லாம் சரி' என்று நாங்கள் சொல்ல வரவில்லை. கரும்பு நிறையத் தண்ணீர் குடிக்கும். அதே குளத்துத் தண்ணீரில்தான் நெல்லும் விளைகிறது.

சரி, பிக்கப்? இங்கே ஓடுகிற பிக்கப்புகளில் அதிகம் டீசல். பெற்றோலுக்கென்று வருகிற எத்தனோல் கலவைக்கும் அவற்றுக்கும் தொடர்பில்லை. பெற்றோல் வண்டியென்றால் கவனிக்க வேண்டியவை மூன்று. ஒன்று, எத்தனோலின் சக்தி லீற்றருக்கு மூன்றில் ஒரு பங்கு குறைவு, எனவே 20 வீதக் கலவையில் கணக்குப்படி ஆறேழு வீதம் குறையும். இரண்டு, அது ஈரத்தை இழுக்கும். கடற்காற்றில் நாள்கணக்காக நிற்கிற வண்டியின் தாங்கியில் தண்ணீர் கூடினால், எத்தனோல் பிரிந்து அடியில் தங்கும். மூன்று, பழைய ரப்பர் குழாய்களையும் சீல்களையும் அது கெடுக்கலாம். நல்ல பக்கமும் உண்டு. மண்ணெண்ணெய் எஞ்சினைத் தட்டவைக்கும், ஒக்டேன் கூடிய எத்தனோலோ அந்தத் தட்டலைக் குறைக்கும்.

இந்தியாவில் 2014இல் 1.5 வீதமளவில் இருந்த கலவை 2025இல் 20 வீதமானது. பழைய வண்டிக்காரர் அங்கே கேட்கிற கேள்வி எளியது: "எங்களுக்குத் தெரிவு இருக்கா?" அதே கேள்வி நாளைக்கு இங்கேயும் வரலாம். 2022இல் கியூஆர் அட்டையோடு வரிசையில் நின்ற எங்களுக்கு, எரிபொருள் பற்றிய முடிவு எப்போதும் மேலேயிருந்து இறங்குகிறது என்பது தெரியும். ஆகவே நாங்கள் கேட்பது பெரிசில்லை. என்ன கலவை வந்தாலும் எத்தனை வீதம், எந்த வண்டிக்கு ஆகாது என்பதைப் பம்பில் தமிழிலும் சிங்களத்திலும் எழுதி ஒட்டுங்கள். முடிவெடுக்கிற மேசையில் ஒரு மீனவரையும் ஒரு கராஜ்காரரையும் இருத்துங்கள். தடைக் காலத்தில் எஞ்சின்களை உயிரோடு வைத்திருந்தது அந்தக் கைகள்தான்.

உங்கட வீட்டிலும் அந்தப் போத்தல் பெற்றோல் காலத்தைக் கண்டவர்கள் இருப்பார்கள். இன்றைக்கே போய்க் கேளுங்கோ, கேட்டதை எழுதி வையுங்கோ.