அழைத்தால் வரும் நாய்க்குட்டி

காரைக்குடியில் செக்காலைப் பக்கம் ஒரு வீட்டைக் கற்பனை செய்து கொள்ளுங்கள். காலை நேரம். பால் வாங்குவதற்காகத் தெருக்கதவைத் திறக்கிறார் வீட்டு அம்மாள். அந்த ஒரு நொடியில், அவருடைய கால்களுக்கிடையே புகுந்து, மூன்று மாதக் குட்டி நாய் தெருவுக்குப் பாய்ந்துவிடுகிறது. "டேய், வாடா! வாடா!" என்று வீட்டுப் பிள்ளைகள் கத்திக்கொண்டே துரத்துகிறார்கள். குட்டியோ அவர்களைத் திரும்பிப் பார்ப்பதும், மேலும் ஓடுவதுமாக இருக்கிறது. ஒரு பேருந்து கிறீச்சிட்டு நிற்கிறது. நல்லவேளை, ஆபத்து இல்லை. சற்று நேரத்தில் குட்டி தானாகவே வாலை ஆட்டிக்கொண்டு வீட்டுக்கு வருகிறது. வந்ததும் முதுகில் நாலு அடி விழுகிறது.

மறுநாளும் குட்டி ஓடுகிறது. இம்முறை அழைத்தால் அருகிலேயே வருவதில்லை. அடி வாங்கியும் அதற்குப் புத்தி வரவில்லையே என்று வீட்டார் வருந்துகின்றனர். உண்மையில் குட்டிக்குப் புத்தி வந்துவிட்டது. நாம் நினைத்த பாடத்தை அது கற்கவில்லை, அவ்வளவுதான். அது கற்ற பாடம் எது? இதற்கு விடை கூற, மனிதனும் நாயும் சேர்ந்து நடந்த நெடிய வரலாற்றைச் சிறிது புரட்டிப் பார்க்க வேண்டும்.

பழைய நட்பு

நாய், ஓநாய் இனத்திலிருந்து தோன்றியது. மனிதன் பழக்கிய முதல் விலங்கு அதுவே. ஆடும் மாடும் நம் தொழுவத்துக்கு வருவதற்குப் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே நாய் நம் நெருப்பருகே படுத்துவிட்டது.

1914ஆம் ஆண்டு ஜெர்மனியில் பான் நகரையடுத்த ஓபர்காசல் என்னுமிடத்தில், ஏறத்தாழ 14,000 ஆண்டுகளுக்கு முற்பட்ட ஒரு புதைகுழி கிடைத்தது. அதில் ஓர் ஆண், ஒரு பெண், அவர்களுடன் ஒரு நாய்க்குட்டி! பிற்காலத்தில் அதன் பற்களை ஆராய்ந்தவர்கள், அக்குட்டி ஏழு மாத வயதில் இறந்தது என்றும், அதற்கு முன் கடும் நோயில் பல வாரங்கள் கிடந்து பிழைத்தது என்றும் கண்டனர். யாரோ ஒருவர் பக்கத்திலிருந்து பார்த்துக்கொள்ளாமல் அது பிழைத்திருக்க முடியாது. காஷ்மீரத்தில் புர்ஜஹோம் என்னும் புதிய கற்கால ஊரிலும் மனிதருடன் நாயைப் புதைத்திருக்கிறார்கள்.

பெயர் பெற்ற நாய்கள்

ஒரு விலங்கை அழைக்க வேண்டுமானால் அதற்குப் பெயர் வேண்டும். கிரேக்க நாட்டு செனபோன், கிறிஸ்துவுக்கு முன் நான்காம் நூற்றாண்டில் வேட்டையைப் பற்றி ஒரு நூல் எழுதினார். வேட்டை நாய்களுக்குச் சிறிய பெயர்களே இட வேண்டும், அப்போதுதான் எளிதில் கூவி அழைக்கலாம் என்று அதில் கூறி, நாற்பதுக்கும் மேற்பட்ட பெயர்களை வரிசையாகத் தருகிறார். இன்றும் நாய் பழக்குவோர் சொல்லும் முதல் அறிவுரை இதுவேயாகும்.

நம் நாட்டிலும் பெயர் பெற்ற நாய் ஒன்று உண்டு. திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில் ஒரு நடுகல் இருக்கிறது. பல்லவ மன்னன் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. எருமைகளைக் காக்கும் போரில் இறந்த கருந்தேவக்கத்தி என்னும் வீரனின் நினைவாக நாட்டப்பட்ட அக்கல்லில், அவனுடைய நாயின் உருவமும் செதுக்கப்பட்டுள்ளது. அதன் பெயர் கோவிவன். கள்வர் இருவரைக் கடித்து அது காவல் நின்றது என்று கல்வெட்டுக் கூறுகிறது. ஏறத்தாழ ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன், ஒரு நாய் ஓடிப்போகாமல் நின்றதை நம் முன்னோர் கல்லில் எழுதி வைக்கும் அளவுக்குப் பெரிதாக எண்ணினர்!

இராசபாளையம், சிப்பிப்பாறை, கோம்பை, கன்னி முதலிய நம் நாட்டு இனங்களையும் இங்கே நினைவுகூர வேண்டும். 2005ஆம் ஆண்டு இந்திய அஞ்சல் துறை வெளியிட்ட நாய்த் தபால்தலைகளில் இராசபாளையம் நாயும் இடம்பெற்றது. சிப்பிப்பாறை நாய் முயல் வேட்டைக்குப் பெயர் போனது. தொலைவில் ஒன்று அசைந்தால் போதும், கால் தானாகவே பாயும். இத்தகைய இனத்தின் குட்டி தெருவுக்கு ஓடுவது முரட்டுத்தனத்தால் அன்று; பிறவிக் குணத்தால் ஆகும்.

ஆய்வுக்கூடத்தில் நாய்

நாய் எவ்வாறு கற்கிறது என்பதை அறிவியல் முறையில் ஆராய்ந்தது சென்ற நூற்றாண்டை ஒட்டித்தான். ரஷ்ய அறிஞர் பாவ்லோவ், செரிமானத்தைப் பற்றிய ஆய்வுக்காக 1904இல் நோபல் பரிசு பெற்றவர். உணவுக்கு முன் ஓர் ஒலியைப் பன்முறை கேட்ட நாய், பின்னர் அந்த ஒலியைக் கேட்டதுமே உமிழ்நீர் சுரந்ததை அவர் காட்டினார். பொருளற்ற ஒலி, உணவின் அடையாளமாக மாறிவிட்டது. "வா" என்ற சொல்லும் குட்டிக்கு முதலில் பொருளற்ற ஒலிதான் என்பதை மறக்கலாகாது.

அமெரிக்க உளவியலார் தார்ண்டைக் 1898இல் பூனைகளையும் நாய்களையும் கூண்டுகளில் அடைத்து, அவை தாழ்ப்பாளைத் திறந்து வெளிவருவதை நேரம் குறித்து ஆராய்ந்தார். 'முயன்று தவறிக் கற்றல்' என்று நம் பாடநூல்களில் வருவது இதுவே. இன்பமான விளைவைத் தரும் செயல் மீண்டும் நிகழும். துன்பம் தரும் செயல் குறையும் என்பது அவருடைய 'விளைவு விதி'.

பின்னர் ஸ்கின்னர் 1938இல் வெளியிட்ட நூலில் இதனை விரிவாக்கினார். பரிசு செயலை ஒட்டி உடனே கிடைக்க வேண்டும் என்பது அவர் வலியுறுத்திய கருத்து. சில நொடிகள் தாழ்ந்தாலும், இடையில் செய்த வேறு செயலுக்கே அப்பரிசு போய்ச் சேரும்.

அடி எதைக் கற்பித்தது?

இனிச் செக்காலைக் குட்டியிடம் திரும்புவோம். அது தெருவுக்கு ஓடியது. அங்கே புதிய மணங்கள், கோழிகள், துரத்தி விளையாடும் பிள்ளைகள். எல்லாம் பரிசுகள்! பிறகு வீட்டுக்கு வந்தது, அடி விழுந்தது. அடி எந்தச் செயலை ஒட்டி விழுந்தது? ஓடியதை ஒட்டியன்று, திரும்பி வந்ததை ஒட்டி! ஆகவே விளைவு விதிப்படி, ஓடுவது வளர்ந்தது, வருவது குறைந்தது. குட்டி தன் பாடத்தைச் சரியாகவே கற்றது. தவறு ஆசிரியரிடம்தான்.

வாசற்படிப் பாடம்

செட்டிநாட்டு வீடுகளில் ஒரு தனிச் சிறப்பு உண்டு. முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு என்று கட்டுக்கட்டாக நீண்டு, பல வீடுகள் ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும். தெருக்கதவும் பின்கதவும் ஒரே நேர்க்கோட்டில் இருக்கும். காற்றுக்கு நல்ல வழி. ஓடும் குட்டிக்கும் நல்ல வழி! எனவே இரு வாசல்களிலும் பாடம் நடத்த வேண்டும்.

குட்டியின் கழுத்துப் பட்டையில் கயிற்றைப் பூட்டிக் கதவருகே நில்லுங்கள். கதவை நான்கு விரல் அளவு திறங்கள். குட்டி முந்தினால், மூக்கில் படாமல் மெல்ல மூடிவிடுங்கள். திட்ட வேண்டாம். அது பின்வாங்கி உட்கார்ந்தால் மீண்டும் திறங்கள். உட்கார்ந்திருந்தால் கதவு திறக்கும், பாய்ந்தால் மூடும் என்பது சில நாட்களில் அதற்கு விளங்கிவிடும். பிறகு நீங்கள் சொன்ன பின்பே கயிற்றோடு வெளியே அழைத்துச் செல்லுங்கள். மிக விரும்பும் செயலையே மற்றொரு செயலுக்குப் பரிசாக்கலாம் என்று பிரிமேக் என்பவர் 1959இல் விளக்கினார். இங்கே தெருவே பரிசாகிவிடுகிறது.

அழைப்புப் பாடம்

முதலில் வளவுக்குள், இரண்டடி தூரத்தில் தொடங்குங்கள். பெயரைச் சொல்லி, "வா" என்று ஒரே முறை அழையுங்கள். வந்தவுடன் நகத்தளவு வேகவைத்த முட்டையோ இறைச்சியோ கொடுத்துத் தடவிக் கொடுங்கள். பிறகு தூரத்தைக் கூட்டுங்கள். அடுத்து நீண்ட கயிற்றில் கட்டித் திறந்த வெளியில் பழக்குங்கள். நன்கு பழகிய பின் ஒவ்வொரு முறையும் தின்பண்டம் தேவையில்லை. இடையிடையே கிடைக்கும் பரிசு பழக்கத்தை நெடுநாள் நிலைக்கச் செய்யும் என்று பெர்ஸ்டரும் ஸ்கின்னரும் 1957இல் காட்டினர். ஆனால் இனிய சொல்லை மட்டும் என்றும் நிறுத்தாதீர்கள்.

மூன்று செய்திகளை மனத்தில் கொள்ளுங்கள். குளிப்பாட்டவோ, மருந்து கொடுக்கவோ, கண்டிக்கவோ குட்டியை அழைக்காதீர்கள். நீங்களே அதனிடம் செல்லுங்கள். பயனின்றிப் பத்து முறை அழைக்காதீர்கள், அழைப்பு மதிப்பிழந்துவிடும். தப்பி ஓடினால் துரத்தாதீர்கள். எதிர்த் திசையில் நீங்கள் ஓடி, குந்தி உட்கார்ந்து, மகிழ்ச்சியாக அழையுங்கள். விளையாட்டு உங்கள் பக்கம் இருப்பதாக எண்ணி அது ஓடிவரும். எவ்வளவு தாமதமாக வந்தாலும் வரவேற்றுத் தடவிக் கொடுங்கள்.

எந்த வயதில் தொடங்கலாம்? அமெரிக்காவில் ஸ்காட், புல்லர் என்னும் இருவர் பல்லாண்டுகள் ஐந்து இன நாய்களை ஆராய்ந்து 1965இல் நூல் வெளியிட்டனர். ஏறத்தாழ மூன்றாம் வாரத்திலிருந்து பன்னிரண்டாம் வாரம் வரை குட்டி மனிதரோடு உறவு கொள்ளும் முக்கிய பருவம் என்று அவர்கள் கண்டனர். எனவே வீட்டுக்கு வந்த நாளே பாடம் தொடங்கும் நாள்.

ஏன் இத்தனை அக்கறை?

தெருவில் வண்டி மட்டுமே ஆபத்து அன்று. வெறிநோய் கண்ட நாய் ஒன்று கடித்தால், நம் குட்டி வழியாக நோய் வீட்டுக்குள் வந்துவிடும். பாஸ்டர் 1885இல் முதன்முதலாக ஒரு சிறுவனுக்குத் தடுப்பு மருந்து கொடுத்தார். நம் குன்னூரில் 1907ஆம் ஆண்டிலேயே பாஸ்டர் நிலையம் தோன்றியது. ஆனாலும் இந்நோயால் ஆண்டுதோறும் நம் நாட்டில் உயிர்கள் பலியாகின்றன. நோய்க்குறிகள் தோன்றிய பின் காப்பாற்றுவது ஏறக்குறைய இயலாது. ஆகவே மூன்று மாதமானதும் குட்டிக்குக் கால்நடை மருத்துவரிடம் தடுப்பூசி போடுங்கள். எந்த நாய் கடித்தாலும் காயத்தைச் சோப்பிட்டு ஓடும் நீரில் கால் மணி நேரம் கழுவி, உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

மாணவர்களே, நீங்களே ஒரு சோதனை செய்து பாருங்கள். ஒரு குறிப்பேட்டில் நாள்தோறும் எத்தனை முறை அழைத்தீர்கள், எத்தனை முறை குட்டி வந்தது, எவ்வளவு தூரத்திலிருந்து வந்தது என்று இருபது நாட்கள் எழுதி வாருங்கள். பின்னர் வரைபடம் வரையுங்கள். கோடு ஏறினால் உங்கள் முறை சரி. இறங்கினால் குட்டியைக் குறை கூறாமல், அது வந்தபோதெல்லாம் அதற்கு என்ன கிடைத்தது என்று உங்கள் குறிப்பேட்டையே கேளுங்கள். விடை அங்கே இருக்கும்.