மலேரியா பழி சுமந்த 'காய்ச்சல் மரம்'.. வீட்டுத் தோட்டத்தில் எங்கே நடலாம், எங்கே நடக்கூடாது?

மஞ்சளும் பச்சையும் கலந்த தண்டு, வெள்ளை முள், பஞ்சு உருண்டை போல மஞ்சள் பூ. தென்னாப்பிரிக்காவில் தோட்டத்துக்கு அழகு சேர்க்க பலரும் தேர்வு செய்யும் மரம் 'ஃபீவர் ட்ரீ'. தமிழில் சொன்னால், காய்ச்சல் மரம்.

ஏன் இந்தப் பெயர்?

சதுப்பு நிலத்திலும் ஆற்றோரத்திலும் வளரும் மரம் இது. அந்தப் பக்கம் தங்கிய ஐரோப்பியர்களுக்கு அடிக்கடி காய்ச்சல் வர, பழி மரத்தின் மேல் விழுந்தது. உண்மையான குற்றவாளி, தேங்கிய தண்ணீரில் பெருகிய கொசு. 1897-ல் செகந்திராபாத்தில் ரொனால்ட் ராஸ், கொசுவின் வயிற்றில் மலேரியா கிருமியைக் கண்டுபிடித்தார். மரம் நிரபராதி என்று தெரிந்தும் பெயர் மட்டும் மாறவில்லை.

தண்டுக்கு ஏன் இந்த நிறம்?

பட்டையிலேயே பச்சையம் இருக்கிறது. அதனால் இலை உதிர்ந்தாலும் தண்டே சூரிய ஒளியில் உணவு தயாரித்துக்கொள்ளும்.

வளர்ப்பது எப்படி?

* விதையை வெந்நீரில் போட்டு ஓர் இரவு ஊறவிட்டு விதைக்க வேண்டும். பத்து நாளுக்குள் முளைத்துவிடும்.
* நல்ல வெயில் படும் இடம் தேவை. தண்ணீர் தாராளமாகக் கிடைத்தால் ஆண்டுக்கு 5 அடி வரைகூட உயரும்.
* உறைபனி விழும் ஊர்களில் முதல் சில குளிர்காலங்களுக்குக் கன்றை மூடிப் பாதுகாக்க வேண்டும்.
* இலைகள் சின்னச் சின்னதாக இருப்பதால் நிழல் லேசாகத்தான் விழும். அடியில் புல்தரை வளர்க்கலாம்.

எங்கே நடக்கூடாது?

பலர் சறுக்குவது இங்கேதான். கன்று சின்னதாக இருக்கிறதே என்று சுவரை ஒட்டி நட்டுவிடுகிறார்கள். ஆனால் இது 50 முதல் 80 அடி வரை வளரும் மரம். வேரும் வலுவானது. வீட்டுச் சுவர், தண்ணீர்க் குழாய், நீச்சல் குளம், கல் பாவிய நடைபாதை ஆகியவற்றிலிருந்து நன்றாகத் தள்ளியே நட வேண்டும். முள் ஜோடி ஜோடியாக இருக்கும் என்பதால், குழந்தைகள் ஓடியாடும் பக்கத்தில் தாழ்ந்த கிளைகளைக் கழித்துவிடுவது நல்லது.

இடம் குறைவா?

அப்படியென்றால் அதே மண்ணின் 'வைல்ட் பியர்' மரத்தைப் பார்க்கலாம். உயரம் குறைவு. குளிர்காலம் முடியும்போது, இலை துளிர்க்கும் முன்பே மரம் முழுக்க வெள்ளையாகப் பூத்துவிடும்.