கண்ணாடியில் யார் முகம்?

செத்த பிறகும் கல்லறைத் தோட்டத்தில் எங்களுக்குத் தனி மூலை ஒதுக்கிய கிறிஸ்தவ ஊரில் பிறந்தவன் நான். அதனால் எந்த நினைவுச் சின்னத்தைப் பார்த்தாலும், எவன் பேர் இருக்கு, எவன் பேர் இல்லை என்றுதான் கண் போகிறது. இங்கிலாந்தின் பங்குக் கோயில்களில் முதல் உலகப்போரில் இறந்தவர்களுக்காக வைத்த வண்ணக் கண்ணாடிச் சன்னல்களையும் அப்படித்தான் படங்களில் பார்த்தேன்.

போரில் செத்தவன் உடலை ஊருக்குக் கொண்டுவர 1915இல் தடை போட்டார்கள். 1917இல் அமைந்த போர்க் கல்லறை ஆணையம், அதிகாரியானாலும் சிப்பாயானாலும் ஒரே மாதிரி கல் என்றது. எதிர்ப்பு கிளம்பி, 1920இல் நாடாளுமன்றம் வரை போனது. சமத்துவம்தான் ஜெயித்தது. ஆனால் அது போர்க்களத்துக் கல்லறையில். ஊர்க் கோயில் சுவரில் கதை வேறு. அங்கே சன்னல் வைக்கத் திருச்சபையின் அனுமதி வேண்டும், பணமும் வேண்டும். ஊரே வசூல் பண்ணி வைத்த சன்னல்களும் உண்டு. வசதியான குடும்பம் மகனுக்கென்று தனிச் சன்னல் வைத்தது. சிலவற்றில் புனித ஜார்ஜுக்கே அந்த மகனின் முகம். கூலிக்காரன் மகனுக்குப் பொதுப் பலகையில் ஒரு வரி.

ஜேம்ஸ் கிளார்க் 1914இல் வரைந்த 'மகா தியாகம்' என்ற ஓவியம் பல கோயில்களில் சன்னலானது. சிலுவையடியில் ஒரு இளம் சிப்பாய் கிடக்கிறான். நெற்றிப்பொட்டில் சின்னதாக ஒரு குண்டுக் காயம். அவன் கை கிறிஸ்துவின் பாதத்தைத் தொடுகிறது. சேறு இல்லை, சிதைந்த உடம்பு இல்லை. 1916இல் கட்டாய ராணுவச் சேவைச் சட்டம் வந்துவிட்டது. பிடித்துக்கொண்டு போய்ச் சாகடித்தால் அது எப்படிங்க தியாகம்? கொன்றது யார், அனுப்பியது யார் என்ற கேள்வியை அந்த ஒளி மூடிவிடுகிறது.

கேம்பிரிட்ஜ்ஷயரின் ஸ்வாஃபம் பிரையர் ஊரில் புனித மரியாள் கோயில் சன்னல்கள் வேறு மாதிரி. அவற்றில் டாங்கி, விமானம், பதுங்குகுழி எல்லாம் இருக்கின்றன. குண்டுத் தொழிற்சாலையில் வேலை செய்யும் பெண்களும் இருக்கிறார்கள். செய்வித்தவர் அந்த ஊர்ப் பண்ணையார் அலிக்ஸ்தான். வேத வசனத்தைக் கூடவே எழுதித்தான் வைத்தார். இருந்தாலும் போர் என்பது உழைப்பும் இயந்திரமும் என்பதை அந்தக் கண்ணாடி மறைக்கவில்லை. உழைக்கும் பெண்ணின் உருவம் கோயில் வெளிச்சத்தில் நிற்பது சின்ன விஷயமல்ல.

ஆனால் பொதுப் பலகையில் ஒரு வரிகூடக் கிடைக்காதவர்கள்? அதே கல்லறை ஆணையத்தின் அறிக்கை 2021இல் வந்தது. குறைந்தது 1,16,000 பேர், ஒருவேளை 3,50,000 பேர்வரை, பெயரால் நினைவுகூரப்படவில்லை என்று அது ஒப்புக்கொண்டது. பெரும்பாலோர் கிழக்கு ஆப்பிரிக்கர்கள், எகிப்தியர்கள். ஒரே மாதிரி கல் என்று சொன்ன ஆணையம்தான் இது. அந்தச் சமத்துவம் இவர்களிடம் வரும்போது நின்றுவிட்டது.

சன்னல் அழகுதான், நான் மறுக்கவில்லை. ஆனால் வெயில் வந்தால் வண்ணம் விழுவது கண்ணாடி வைத்தவன் வீட்டுப் பேர் மேல்தான். பேரே இல்லாதவனின் வரலாற்றை நாம் தேடித்தான் எழுதணும்.