வினையாலணையும் பெயர்

வினையாலணையும் பெயர் என்பது, வினைமுற்றாக நின்று வாக்கியத்தை முடிக்க வேண்டிய சொல், அவ்வினைக்கு உரிய ஆளையோ பொருளையோ குறித்து, வேற்றுமை உருபை ஏற்றுப் பெயராக நிற்பதாகும். 'முருகன் வந்தான்' என்பதில் பயனிலையாகிய 'வந்தான்', 'வந்தானைக் கண்டேன்' என்பதில் இரண்டாம் வேற்றுமை உருபாகிய 'ஐ'யை ஏற்று, வந்த ஆளைக் குறிக்கிறது. பெயரான பின்னும் அது தன் இறந்த காலத்தை இழப்பதில்லை.

பெயர்ச்சொல் காலம் காட்டாது என்று வகுத்த தொல்காப்பியம், தொழிலோடு பொருந்திய பெயர்களை அவ்விதிக்கு விலக்காக்கியதேயன்றி, இச்சொற்களுக்கு இப்பெயரை இடவில்லை. சீயகங்கன் வேண்டுகோளால் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூலே, தொழிற்பெயர் படர்க்கைக்கு மட்டும் உரியது, வினையாலணையும் பெயர் மூவிடத்துக்கும் உரியது என்று எல்லை வகுத்தது. சுருங்கிய விதியாயினும் இது மிகக் கூர்மையானது: 'வருதல்' செயலுக்கு மட்டுமே பெயர், செய்தவரையும் உட்கொண்ட வினையாலணையும் பெயரோ, 'வந்தேனை' எனத் தன்மையிலும் 'வந்தாயை' என முன்னிலையிலும் வர வல்லது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆறுமுக நாவலரின் நன்னூற் காண்டிகையுரையும் இலக்கணச் சுருக்கமும் இப்பாகுபாட்டை மாணவரிடம் கொண்டு சேர்த்தன.

இக்கால உரைநடையில் 'வந்தானை' என்பதன் இடத்தை 'வந்தவனை' என்பதும், 'வந்தேனுக்கு' என்பதன் இடத்தை 'வந்த எனக்கு' என்னும் பெயரெச்சத் தொடரும் பிடித்துக்கொண்டன. 'சிறியேனை' போன்ற சில வடிவங்கள் மட்டும் பக்தி நூல்களிலும் பணிவுரையிலும் நிலைத்திருக்க, தன்மை முன்னிலை ஆட்சி ஏறக்குறைய வழக்கொழிந்தது. ஒரு சொல்லில் அடங்கியதற்கு இன்று இரு சொற்கள் தேவைப்படுவது மொழிக்கு நேர்ந்த இழப்பே.

உயர்திணையில் வினைக்கும் பெயருக்கும் வடிவம் இவ்வாறு பிரிந்துவிட்டபோதிலும், அஃறிணை ஒருமையில் பழைய நிலை மாறவில்லை. 'மாடு வந்தது' என்பதில் வினைமுற்றாகவும், 'வந்ததைக் கட்டு' என்பதில் வினையாலணையும் பெயராகவும் நிற்கும் அதே சொல், 'மாடு வந்தது தெரியாது' என்பதில் வருகையைக் குறிக்கும் தொழிற்பெயராகிறது. இம்மூன்றாம் நிலையில் 'நான் வந்தது', 'நீ வந்தது' என்று எழுவாய் எவ்விடத்ததாயினும் சொல்லின் ஈறு படர்க்கையாகவே நிற்பதால், தொழிற்பெயர் பற்றிய நன்னூல் விதி அன்றாடப் பேச்சிலும் பிறழாமல் இயங்குகிறது.